ஹயாத்தும்மாவுக்குக் கொடுக்காத கடை

என் அன்பு மலர் அக்கா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. நல்ல செய்தி ஒன்றோடு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். இனிக் காத்திருக்க ஏலாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தோட்டம் செய்கிற பெண்கள் தங்கள் மரக்கறியைத் தாங்களே சந்தையில் விற்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் அலைந்தீர்கள். திருக்கோவிலில் இருந்து பெரியநீலாவணை வரை ஊர் ஊராக உங்கள் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நானும் வந்தேன். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, புதிய சந்தையில் அவர்களுக்கென்று ஆறு கடைகள் கேட்டு வாங்கினீர்கள். கட்டடம் எழும்புமுன் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதை என்னிடம்கூட மறைத்தீர்களே, ஏன் அக்கா?

போன மாதம் திறப்பு விழா. வாசலில் உங்கள் பெயர். உள்ளே ஆறு கடைகளிலும் மொத்த வியாபாரிகள். நாள்தோறும் சரக்குக் கொண்டுவரப் பெண்களால் முடியாதாம், கடை பூட்டிக் கிடக்குமாம். பொறுப்பான அதிகாரி சொன்னார். யாரிடம் கேட்டு முடிவெடுத்தார்?

புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியே தோட்டம் செய்கிற பாலமுனை ஹயாத்தும்மா, இரண்டு சாக்குக் கத்தரிக்காயோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"மலர் மிஸ்ட பேரு போட்ட சந்தையில எங்களுக்கு எடமில்லையா புள்ள?"

சந்தைத் திட்டத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவள் என்பதால் அன்று நன்றியுரை என்னுடையது. எழுதித் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"இந்தக் கடைகள் வெளியில நிக்கிற பொம்புளையளுக்குக் கட்டினது. அவங்கள உள்ளுக்கு விடுங்க. இல்லாட்டி மலரக்காட பேரைக் கழட்டுங்க."

மேடையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கிழமையே என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று கடிதம் வந்தது.

ஆனால் சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. பத்து நாளில் இரண்டு கடைகளைத் திருப்பித் தந்தார்கள். ஒன்றில் திருக்கோவில் பெண்கள், மற்றதில் ஹயாத்தும்மாவும் அவர் ஊர்க்காரர்களும். நாள் தவறாமல் திறக்கிறார்கள். முந்தாநாள் ஒரு வியாபாரி வந்து எல்லாவற்றையும் மொத்த விலைக்குச் சாக்கோடு எடுக்கிறேன் என்றாராம். நானே விற்பேன் என்று ஹயாத்தும்மா அனுப்பிவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு கிடைத்ததே, பொறுமையாக இரு என்கிறார்கள் எல்லோரும். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்களோ? உங்கள் பொறுமையைக் கண்டுதானே அக்கா இவ்வளவு காலம் இழுத்தடித்தார்கள்?

வியாழக்கிழமை பெண்கள் எல்லோரும் கந்தோருக்குப் போகிறோம். மிச்ச நாலு கடைக்கும் எழுத்தில் பதில் தரும்வரை இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டோம். உங்களைப் போலத் தணிந்து கதைக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சபீனா
மருதமுனை