வேலி தாண்டிக் காய்த்த அவரை

ஜனவரி 5, திங்கள்

என் அவரை காய்த்துவிட்டது, கொத்துக் கொத்தாக, கொடி தாங்காமல், ஐயோ நிஜமாகவே காய்த்துவிட்டது!!!

பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. பல் தேய்க்கப் போனவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். ஊதா ஓரம் வைத்த பட்டைக் காய். ஆன்லைன் விதைக் குழுவில் ஒரு அக்கா கூரியரில் அனுப்பிய விதை. பந்தல் போட்டது வீடியோ பார்த்து, பழைய கட்டில் சட்டத்தையும் கிழிந்த சேலையையும் வைத்து. நானே!

ஒரே ஒரு பிரச்சினை. எங்கள் பக்கம் வேப்பமர நிழல். கொடி வெயிலைத் தேடி வேலி ஏறி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரகமத் ஆன்ட்டியின் தோட்டத்தில் இறங்கி, அங்கே போய்க் காய்த்திருக்கிறது. எங்கள் பக்கம் வெறும் இலை.

அம்மாவும் ஆன்ட்டியும் பேசுவதில்லை. ஆன்ட்டியின் கோழி என் முதல் நாற்றுகளைக் கிளறிப் போட்டது, நான் அழுதேன், அம்மா வேலியோரம் நின்று கத்தினாள். மறுநாளே ஆன்ட்டி கோழியைப் பரங்கிப்பேட்டைக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அதற்கு முன்னால் வேலிக்கு மேல் கிண்ணம் போகாத நாளே இல்லை. இப்போது அம்மா துணி காயப்போடும்போதுகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவள் பாட்டு முணுமுணுப்பதும் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேலிக்குள் கையை விட்டேன். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா.

"ஏய், அவங்க பக்கம் கைய நீட்டாத!"

"நம்ம காய்ம்மா."

"அவங்க எடத்துல தொங்கிகினு இருக்குது. கேக்காம தொடக் கூடாது."

"அப்ப கேளு."

"எனக்கு வேற வேல இல்ல?"

ஜனவரி 6, செவ்வாய்

மறுபடி பனி. குழுவில் போட்டோ போட்டேன். இதயமாகக் குவிந்தது. பொரியல் பண்ணுங்க, கூட்டு பண்ணுங்க, வத்தல் போடுங்க. எல்லாம் சரி. பக்கத்து வீட்டில் காய்த்தால் எப்படிப் பறிப்பது? ஒருத்தர் மட்டும் பதில் போட்டார்: "மத்தியானம் அவங்க தூங்கறப்ப." கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம்.

இளசில் பறிக்காவிட்டால் நார் கட்டி முற்றிவிடும். பயமாக இருக்கிறது.

செய்ய ஆசை:
- சின்ன வெங்காயம், தேங்காய் போட்டுப் பொரியல்
- நெத்திலிக் கருவாட்டோடு குழம்பு (அப்பாவுக்கு)
- முட்டை உடைத்து ஊற்றி வதக்கல்
- முற்றினால் பருப்பை உரித்து சாம்பாரில்
- காய் கிடைக்க வேண்டும் முதலில்

ஜனவரி 8, வியாழன்

பெரிய கூத்து!

அப்பாவும் ஆன்ட்டியின் வீட்டுக்காரர் காதர் அங்கிளும் இந்த வாரம் காலை ஷிப்ட். ஒரே பஸ். ஆம்பளைகளுக்குள் சண்டையே கிடையாது. சாப்பாட்டுப் பையும் ஒரே பை, எங்கள் பிளாக்கில் நடந்த ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பை. பஸ்ஸில் மாறிவிட்டது.

அப்பா உள்ளே நுழையும்போதே அம்மாவிடம், "செல்வி, இன்னிக்கு சாப்பாடு அட்டகாசம். அவரைக்காய் போட்டு கறிக்கொழம்பு. சொல்லவே இல்லியே நீ?"

அம்மா கட்டிக் கொடுத்தது ரசமும் வாழைக்காய் வறுவலும்.

கேரியர் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். 'காதர்' என்று பேர் வெட்டியிருந்தது.

"பேர பாத்துட்டு சாப்புட மாட்டீங்களா?"

"பசியில மூடியவா படிப்பாங்க?"

அதற்குள் அம்மாவுக்கு வேறு பொறி தட்டிவிட்டது. "அவரைக்காயா? நம்ம அவரையா? ஒரு வார்த்த கேக்காம பறிச்சி கொழம்பே வெச்சிட்டாங்களா!"

முகம் சிவந்துவிட்டது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள் என்று வேலிக்கு ஓடினேன்.

ஆன்ட்டி சரியாக என் கொடிக்கு அடியில், முக்காலியில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான பச்சைக் காய். கடைக் காய்! தலைக்கு மேலே என் ஊதா ஓரக் கொத்துகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஆன்ட்டி, மேல இவ்ளோ தொங்குது, கடையிலயா வாங்கினீங்க?"

"பூ வெச்சதுலேருந்து பாத்துகினே இருக்கேன்மா. பாக்கப் பாக்க நாக்கு கேக்குது. அதான் பஜார்ல வாங்கியாந்தேன்."

"இத பறிச்சிருக்கலாமே?"

"நட்டவங்க கை படாம நான் எப்பிடி தொடுவேன்?"

"கேட்டிருக்கலாம்ல?"

"உங்கம்மா பேசுனா கேக்கலாம்." அடுத்த காயின் நாரை இழுத்துக்கொண்டே, "உங்கப்பா நல்லா சாப்புட்டாரா? எங்க வூட்டுக்காரரு ரசத்த பாத்து முழிச்சிகினு வந்தாரு."

அம்மாவிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன். கழுவிய கேரியரையே மறுபடி கழுவினாள். துடைத்தாள். மேடையில் வைத்து அதையே பார்த்தாள்.

"காலியா எப்பிடி திருப்பித் தர்றது?"

அது அம்மாவின் சட்டம். சண்டையோ சமாதானமோ, அடுத்த வீட்டுப் பாத்திரம் வெறுமனே போகாது.

ஜனவரி 9, வெள்ளி

பனி குறைவு. வெள்ளிக்கிழமை, கருவாடு கிடையாது. அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, கேரியரில் வைக்க ஒன்றும் தேறாமல் மூடி, கூடையை எடுத்தாள். வேலிப் பக்கம் போகவில்லை. வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, விருந்தாளி மாதிரி போய் மணி அடித்தாள். நான் பின்னாலேயே. செருப்புகூடப் போடவில்லை.

"காய் பறிக்கணும்," என்றாள் அம்மா, கதவைப் பார்த்து.

"பறிச்சிக்கோ. யாரு வேணாங்கறா?"

"கேரியர காலியா தர முடியாது. அதுக்குத்தான்."

"அதுக்கு மட்டுந்தானா?"

"வேற எதுக்கு?"

இருவரும் நிலைவாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"நார் கட்டப் போவுது," என்றார் ஆன்ட்டி. "உள்ள வா செல்வி."

முதல் காயை என்னைப் பறிக்கச் சொன்னார்கள். பறித்தேன். படக் என்று ஒடிந்தது. இளசு!! அப்புறம் மூன்று பேரும். இலைச் சத்தம் மட்டும். கொடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்:

"கோழி எப்பிடி இருக்குது?"

"முட்ட போடுது. தங்கச்சி திருப்பித் தர மாட்டேங்கறா."

"கூட்டியாந்துடுக்கா. நான் சுத்தி வலை கட்டித் தரேன். அன்னிக்கு கொஞ்சம் அதிகமாத்தான் கத்திட்டேன்."

"கொஞ்சமா? டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட் வரைக்கும் கேட்டுச்சி!"

முதலில் சிரித்தது அம்மா. நான் கொடிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தேன். பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 10, சனி

வெயில்! காய்! கூடை நிறைந்து, வாளி நிறைந்து, அப்பாவின் ஹெல்மெட்டும் நிறைந்தது. பறித்த இடத்தில் மறுபடி பூ. என்ன கொடி இது!

இதுவரை: பொரியல் (ஆன்ட்டி தேங்காயோடு சோம்பு தட்டிப் போட்டார், அம்மா முறைத்தாள், இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்). நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அப்பாவும் அங்கிளும் சட்டியை வழித்தார்கள். முட்டை வதக்கல், சுமார், நான் செய்தது. உப்பும் மோரும் விட்டு அரைவேக்காடாக வேகவைத்து மாடியில் வத்தல். அம்மா மாடியில் பாடிக்கொண்டே காக்கா ஓட்டுகிறாள்.

இன்னும் காய். முடியவில்லை. பிளாக் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதியது, அம்மாவும் ஆன்ட்டியும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திருத்தியது:

"நம்ம பிளாக் மக்களே! நாளைக்கு ஞாயித்துக்கிழம சாயந்தரம் எல்லாரும் எங்க வூட்டுத் தோட்டத்துக்கும் ரகமத் ஆன்ட்டி தோட்டத்துக்கும் வாங்க. வேலிய ஒரு ஓரமா பிரிச்சி வழி வுட்டிருக்கோம். அவரக்கா பறிச்சிக்கலாம், உங்க ஊரு பக்கம் எப்பிடி செய்வீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. கோழி ஊர்லேருந்து திரும்பி வருது, யாரும் அதட்டாதீங்க. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துகினு வாங்க. இந்த ஒரு தடவ காலியா கொண்டாரலாம்."