சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

இன்று காலை எங்கள் அடுக்ககத்தில் யாரோ புதுக் கார் வாங்கியிருந்தார்கள். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். நசுங்கிய தோலின் வாசனை இரண்டாம் மாடி வரை வந்தது. பால் பாக்கெட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராயப்பேட்டையில் உன் அண்ணனின் சைக்கிள் கடைக்கு என் மகளுக்குச் சைக்கிள் வாங்க வந்தபோது நீ பழக்கமானாய். கோபாலபுரத்தின் ஓர் அமைதியான தெருவில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சாலையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாய். என் மகள் கற்றுக்கொண்டு போய்விட்டாள். நான்தான் உனக்கு உதவியாக அங்கேயே நின்றுவிட்டேன்.

உன் முதல் பாடம் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனின் லோடு வண்டியைக் கொண்டுவந்து, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பாய். பிள்ளைகளை வண்டியில் உட்கார வைத்து மெல்ல நகர்த்துவாய்.

"இன்னாவாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்ல ஆன்ட்டி."

"தெரியாது. பழம்னாலும் தெரியாது, உன் காலுன்னாலும் தெரியாது. எறங்கிப் பாரு."

இறங்கிப் பார்த்து ஒரு குழந்தை அழுதது. பயமுறுத்துவது பாடமாகாது என்று உன்னிடம் சொன்னேன். "நீ படிச்சவ மேடம். லாரி படிக்கலையே," என்றாய். பிறகு சிரித்தாய். "எங்க வூட்ல வண்டிக்குப் பூஜையே கெடையாது. ஆனா இத்த மாதிரி வாத்தியார் எங்க கீது, சொல்லு."

ஒருநாள், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்த பைக் ஒன்று நம் வகுப்புப் பிள்ளை ஷாலினியின் முழங்காலை உடைத்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. போகிறவன் வருகிறவனெல்லாம் வண்டியை நிறுத்தி இறங்கி, பைக்காரனை ஓர் அடி அடித்துவிட்டுப் போனான். நீ நடுவில் புகுந்தாய். யாருடைய முழங்கையோ பட்டு உன் உதடு கிழிந்தது.

"அடிச்சா காலு ஒட்டிக்குமா? மொதல்ல ஆட்டோவக் கூப்புடுங்கடா."

ஆட்டோவில் போகும்போது துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாய்: "அடிக்க நாப்பது பேரு வர்றான். தூக்க ஒருத்தன் வர்ல, பாத்தியா?" அடுத்த வாரமே கடைசிப் பாடம் ஒன்றைச் சேர்த்தாய். யாராவது விழுந்தால் முதலில் வண்டி பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஷாலினியின் கால் தேறி அவள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு, பெரிய சாலையில் எட்டுப் பிள்ளைகளைக் கடக்க வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் முன்னால் போனேன், நீ கையை உயர்த்தியபடி கடைசியில் வந்தாய். தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் முன்னால் மோதி லாரியைத் தள்ளியிருக்கிறது; இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷாலினியை அப்பால் தள்ளிவிட்டாய். சக்கரம் உன் இடுப்பில் ஏறி இறங்கியது.

கூட்டம் ஓட்டுநரைக் கதவு வழியாக இழுத்துப் போட்டது. சட்டை கிழிந்து, பல் உடைந்து, அவர் கைகூப்பினார். "அக்கா, பிரேக் புடிச்சேன்கா, நிக்கலக்கா." அந்தக் கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். என் கையில் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடியில் அவர் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் கணத்தில் எனக்கு அது நன்றாக இருந்தது. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் ஷாலினி ஓடும் வண்டிகளை மறித்து ஆட்டோ நிறுத்தியிருக்கிறாள். அவளும் ஒரு பூக்காரம்மாவும் ஆட்டோக்காரருமாகச் சேர்ந்து உன்னைத் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். யார் தூக்கியிருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய் என்று மருத்துவர் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாதி வழி வரை உனக்கு நினைவு இருந்ததாக ஷாலினி சொன்னாள்.

"உங்களத்தான் கேட்டாங்க ஆன்ட்டி. மேடம் எங்கன்னாங்க."

மேடம் அடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து லாரி ஓட்டுநரைத் தேடிப் போனேன். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களைப் பெயர்த்து, அரசாங்கம் ஊருக்கு வெளியே குடிவைத்த குடியிருப்பில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மனைவியிடம் டீ போடச் சொன்னார். அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து, "உங்களை அடிச்சது நான்தான்," என்றேன். அவர் முகத்தைத் திருப்பி, வலது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா, அதுல கேக்காது," என்றார்.

எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து மறுபடியும் சொன்னேன். டீ வந்தது. அவரும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை. கடைசிப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். நான் எதைச் செய்யவில்லை, எதைச் செய்தேன் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். உன் பாடத்தைப் பற்றி அன்று நான் குறை சொன்னதுபோலவே, இதையெல்லாம் குழந்தைகளிடம் சொல்லலாமா என்று ஓர் அம்மா கேட்டார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றேன்.