சாவி அவர் சட்டைப்பையில்

ஸ்ரீரங்கம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள யமுனா அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். திருப்பூரில் நீயும் நலம் என்று பொய் எழுத வேண்டாம். போனில் உன் குரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கொள்ளிடம் நம் வீட்டைக் கொண்டுபோன பிறகு நிவாரண மையத்தில் தையல் மெஷினுக்கு உன் பெயரை எழுதிக்கொண்டாரே மையப் பொறுப்பாளர் செந்தமிழன் சார், பெயரில் மட்டும்தான் செந்தமிழ். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தால்தான் மெஷின் என்றார். போய்ப் பார்த்த நீ, அவர் உள்பக்கமாகக் கதவைச் சாத்தியதும் அதைத் திறந்துகொண்டு திரும்பி வந்துவிட்டாய். பட்டியலில் உன் பெயரை அடித்தார். நடத்தை சரியில்லை என்று தெருவெல்லாம் சொன்னார். நீ ஊரைவிட்டே போனாய்.

போன மாதம் அவர் நாற்காலியில் பூனைக்காலிச் சுணையைத் தூவினேன். நன்கொடை கொடுக்க வந்தவர்கள் முன்னால் மனிதர் பரதநாட்டியமே ஆடிவிட்டார். அவருக்கு அரிப்பு ஒரே நாளில் அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

பிறகு கமர் ஜஹான் அம்மா வந்தார். இந்த மாதிரிச் சின்ன மையங்களில் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்து வழி சொல்பவர். புகார்ப் பெட்டி எங்கே என்றார். சார் பெருமையாகக் காட்டினார்: அவர் மேஜை மேல். சாவி அவர் சட்டைப்பையில். அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மேலயே புகார்னா அதை எங்க போடுவாங்க சார்?"

அன்றைக்கே பெட்டி பெண்கள் கழிப்பறைக்குள் போனது. சாவி அம்மாவோடு போனது. மையத்தில் நடக்கும் டியூஷனுக்குப் போயிருந்த நான்தான் ஆணி அடித்தேன், சார் முகத்தை நினைத்து நினைத்து. எத்தனை சீட்டு விழுந்தது என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் பத்தே நாளில் மையத்தை நடத்துகிறவர்கள் சாரை உள்ளே வரக்கூடாது என்றுவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகிறேன். காப்பியைவிட ருசி.

அடுத்த வியாழன் விசாரணை. உனக்குப் பதிலாக நான் எழுதட்டுமா என்று கமர் ஜஹான் அம்மாவிடம் கேட்டேன். "கோபம் உன்னோடது, புகார் அவளோடது. அவளைக் கட்டாயப்படுத்தாத" என்றார். சரி, கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வெற்றுச் சீட்டும், அம்மா முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் இதற்குள் தற்செயலாக விழுந்திருக்கின்றன.

இன்னொன்று. அந்த ஞாயிறு நீ தயங்கி நின்றபோது, சும்மா போயிட்டு வாயேன் என்று சிரித்தவள் நான். அவரைப் பழிவாங்க என்னிடம் நூறு யோசனை இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றுகூட வரவில்லை.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒருமுறை ஊருக்கு வா, அக்கா. பஸ் ஸ்டாண்டிலிருந்து இப்போதிருக்கும் வாடகை வீடுவரை, நடுத்தெருவிலேயே, உன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

உன் வாலுத் தங்கை,
அனுசுயா