நடுவில் மறையும் எழுத்து

சிதம்பரம்
11-6-1966

அன்புள்ள அண்ணாவுக்குத் தைலம் எழுதுவது.

மாத்திரைப் பொட்டலமும், அண்ணி கொடுத்தனுப்பிய காடாம்புலியூர் பலாவும் நேற்றே வந்து சேர்ந்தன. பழத்தை அறுத்ததும் தெருவே கூடிவிட்டது. இவருக்கு ஸ்டேஷனில் புக்கிங் வேலை முடிய நேரமாகிவிட்டது. இவருக்கென்று நாலு சுளை எடுத்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்கள்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சித்திரையில் வருகிறேன் என்றீர்கள். ஆனி பிறக்கப் போகிறது.

உங்கள் மாத்திரையால் கை மூட்டு தேவலை. நாலு வருஷத்துக்கு முன் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் டீச்சர் வேலையையே விட இருந்தவள் நான். இன்று பலகை நிறைய எழுதுகிறேன். இந்த வீட்டில் உங்களுக்கு ‘டாக்டர் அண்ணன்’ என்றே பேர்.

ஒன்று கேட்க வேண்டும். நோட்டுத் திருத்தும்போது சொல்லின் நடுவில் எழுத்து மறைந்து போகிறது. முதலும் கடைசியும் தெரிகின்றன, இடையில் புகை மாதிரி இருக்கிறது. கண்ணாடி மாற்றியும் பலனில்லை. உங்கள் கிளினிக் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
தைலம்மாள்

மஞ்சக்குப்பம், கடலூர்
18-6-1966

பாசமுள்ள தைலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம். கம்பவுண்டர் என்று நான் ஒருவன்தான், உட்காரக்கூட முடியவில்லை. வரவில்லை என்று குறைப்படாதே.

டாக்டரிடம் கேட்டேன். வெயில் சூடும் கண் அசதியும்தான் என்றார். பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்துச் சாப்பிடு, விளக்கு வெளிச்சத்தில் நோட்டுத் திருத்தாதே. மாத்திரையை விட்டுவிடாதே, தினம் இரண்டு. விட்டால் மூட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
பொன்னுரங்கம்

சிதம்பரம்
22-8-1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாகக் கீரை சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்தபோது ஒரு பெண் எழுந்து நின்று, “டீச்சர், எம் பேர விட்டுட்டீங்க. நேத்தும் விட்டுட்டீங்க” என்றது. இருசம்மாள் என்ற பெண். பதிவேட்டில் அந்த இடத்தை உற்று உற்றுப் பார்த்தேன். பேர் அங்கே இல்லை. பக்கத்தில் விரலை வைத்து, விரலைப் பார்த்தபோதுதான் ஓரத்தில் தெரிந்தது.

அன்றே இவர் லீவு போட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றார். பொட்டலத்தைக் காட்டினேன். “இது மலேரியாவுக்குக் குடுக்கிற குளோரோகுயின். மூட்டு வலிக்கும் குடுக்கறதுண்டு. ஆனா நாலு வருஷமா, கண்ணப் பாக்காம யாரும்மா குடுத்தாங்க?” என்றார். அபூர்வமாகச் சிலருக்குத்தான் இப்படி ஆகுமாம். விழித்திரையின் நடுவே கெட்டுவிட்டது, போன பார்வை வராது, மாத்திரையை நிறுத்தினாலும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றார்.

நிறுத்திவிட்டேன். விரல்கள் வீங்கிவிட்டன. இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, உங்கள் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார்?

தைலம்

மஞ்சக்குப்பம்
29-8-1966

தைலம்,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. வேறு யாரும் பார்க்க வேண்டாம்.

அறுபத்திரண்டில் உன்னைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: “மூணு மாசம் குடு, பொன்னுரங்கம். அப்பறம் இட்டுகினு வா, கண்ணப் பாக்கணும். ரொம்ப சில பேருக்கு இது கண்ணுல கோளாறு பண்ணும்.” உன்னிடம் சொன்னால் பயந்து விட்டுவிடுவாய் என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் உன் கை நிமிர்ந்துவிட்டது. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் ஒருமுறை விசாரித்தார். தங்கச்சி நல்லா ஆயிட்டா, மாத்திரைய நிறுத்தியாச்சு என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் கேட்கவே இல்லை.

உன் வீட்டில் என்னை டாக்டர் அண்ணன் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எட்டாவது ஃபெயிலானவனை வேறு யார் அப்படிக் கூப்பிடுவார்கள்?

ஜூனில் உன் கடிதம் வந்ததும் டாக்டரின் பேச்சு ஞாபகம் வந்தது. அவரிடம் கேட்டேன் என்று எழுதியது பொய். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த இரண்டு மாதமும் நீ மாத்திரையைச் சாப்பிட்டாய்.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

பொன்னுரங்கம்

சிதம்பரம்
14-9-1966

அண்ணாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். தனியாகப் படி என்று எழுதியிருந்தீர்கள். படிக்க எனக்குக் கண் இல்லை, அண்ணா. இவர்தான் படித்துக் காட்டினார். ஜூன் மாதத்துப் பொய் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தார். “அந்த ஆளு இந்த வாசப்படி ஏறக் கூடாது” என்றார். இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். காலையில் கை மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. பகலெல்லாம் படுத்தே கிடக்கிறேன். அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் இவர் அதையும் எழுதிவிடுவார். ஆனால் எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. தோன்றாததை எழுதச் சொல்லி என்ன பயன்?

இனிமேல் கடிதம் போடாதீர்கள். நமக்குள் நடப்பதை இன்னொருவர் வாயால் கேட்க என்னால் முடியவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் நேரில் வாருங்கள். இவர் உங்களோடு பேச மாட்டார். ஆனால் நீங்கள் வந்தால் கதவைச் சாத்த மாட்டேன் என்று நேற்று ஒப்புக்கொண்டார்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நேராகப் பார்த்தால் எனக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரிவதில்லை. ஒரு பக்கமாகத் திரும்பினால்தான் தெரிகிறது. நீங்கள் வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று எண்ணிப் போய்விடாதீர்கள். கோபம் இருக்கிறது. ஆனாலும், அப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தைலம்