சுண்ணாம்பு தடவாத வாளிகள்

அனுப்புநர்:
கோ. பத்மநாபன்,
ஓய்வுபெற்ற ஆய்வாளர், தமிழ்நாடு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை,
தற்போது மகன் மகாதேவன் வீட்டில்,
மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: அடுத்த வீட்டார் கள் இறக்கிச் சாராயம் காய்ச்சுவதாக வந்த புகார் தவறானது – அவர்களுடைய மேப்பிள் பாகு கொட்டகைக்கு வைத்த சீலை உடனே அகற்றக் கோருவது தொடர்பாக.

பார்வை: 8-2-1999 அன்று தங்களுக்கு வந்த, பெயரில்லாத புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட புகாரின் கீழே 'உண்மை விளம்பி' என்று கையெழுத்து இருக்கும். அந்த உண்மை விளம்பி நான்தான். அதை நானே ஆங்கிலத்தில் அவசர அவசரமாக எழுதினேன். இதை நிதானமாகத் தமிழில் எழுதுகிறேன். என் மருமகள் ஜலஜா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்து இத்துடன் இணைத்திருக்கிறாள்.

2. அடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் திரு. கிருபைராஜ், அவர் மனைவி ஜெயலீலா, இரண்டு பிள்ளைகள். சொந்த ஊர் நாசரேத். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் அந்த அம்மாள் மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறார்கள். பிப்ரவரி 3 காலை நான் ஜன்னலைத் திறந்தபோது, அவர்கள் தோட்டத்து மரங்களில் இருபத்திரண்டு வாளிகள் தொங்கின. மரத்தில் துளை, துளையில் குழாய், குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ இறங்குகிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பனங்காடுகளில் முப்பத்தொரு வருஷம் அலைந்த ஒருவனுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்பதைத் தாங்கள் தயவுசெய்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

3. ஆனாலும் சாட்சியம் இல்லாமல் நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் பனங்கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காத பதநீர், தடவாவிட்டால் கள். சட்டமே அப்படித்தான். 6-ஆம் தேதி வேலியோரம் இருந்த வாளிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு துளியும் இல்லை. அந்த நேரம் பார்த்து அவர்கள் மகள் ஜோவானா வந்து, "இட்ஸ் ஜஸ்ட் வாட்டர், தாத்தா" என்றாள். என் சர்வீஸில் பிடிபட்டவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். கொட்டகையிலிருந்து வேறு ஆவி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

4. 13-ஆம் தேதி சனிக்கிழமை, பாகு காய்ச்சுவதைப் பார்க்க வரும்படி அவர்களே எங்களைக் கூப்பிட்டார்கள். கூடுதல் சாட்சியம் திரட்டத்தான் போனேன் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தவன் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

5. ஐயா, அந்தக் குடும்பம் வேலை செய்யும் ஒழுங்கை நான் எந்த அரசு அலுவலகத்திலும் கண்டதில்லை. ஒரு மரத்துக்கு ஒரே துளைதான், அதுவும் இரண்டு அங்குல ஆழம். பருவம் முடிந்தால் குழாயைப் பிடுங்கி மரத்தை ஆறவிடுகிறார்கள். மறு வருஷம் வேறு இடத்தில்தான் துளை. இளமரங்களைத் தொடுவதே இல்லை. நாற்பது வாளி நீரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு வாளி பாகு. ராத்திரி உறைபனியும் பகலில் வெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்கள்தான் நீர் இறங்கும். மொட்டு பருத்துவிட்டால் பாகில் கசப்பு ஏறிவிடும். இதையெல்லாம் கிருபைராஜ் லைப்ரரிப் புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டாராம். முதல் வருஷம் மொத்தமும் அடிப்பிடித்து, காய்ச்சிய தட்டையே தூக்கி எறிந்தார்களாம். இரண்டாம் வருஷம் தேறியது நான்கே பாட்டில். மூன்றாவது வருஷமும் இறங்கியிருக்கிறார்களே, அந்தத் தெம்பை என்னவென்று சொல்வது!

6. ஜெயலீலா தெர்மாமீட்டரையும் பார்க்கிறார், கரண்டியையும் பார்க்கிறார். பாகு சொட்டாக விழாமல் கரண்டி விளிம்பில் அகலமாக வழிந்தால் பதம். அந்த நொடிக்காக அவர் அரை மணி நேரம் இமைக்காமல் நின்றதை நான் பார்த்தேன். பிறகு அந்தப் பாகை ஊற்றி ஐந்து தோசை சாப்பிட்டேன். அதில் மது இல்லை என்பதற்கு நானே சாட்சி.

7. அன்று மாலையே நான் புகாரைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. அவமானம் ஒரு காரணம். எங்கள் அலுவலகத்தில் மொட்டை மனு மேஜைக்கு வரவே மூன்று மாதம் ஆகும். அதற்குள் பருவம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டது இன்னொரு காரணம். தாங்கள் ஒன்பதே நாளில் ஆள் அனுப்பிவிட்டீர்கள். 17-ஆம் தேதி வந்த ஆய்வாளர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் கொட்டகைக்குச் சீல் வைத்து, விசாரணையை மார்ச் 24-க்குப் போட்டிருக்கிறார். அதற்குள் மரங்கள் மொட்டு விட்டுவிடும்.

8. நீர் இப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்தால் கெட்டுவிடும். நேற்று மாலை அவர்கள் நால்வரும் நிரம்பிய வாளிகளை ஒவ்வொன்றாகப் பனியில் கொட்டினார்கள். ஈஸ்டருக்கு மறுவாரம் அவர்கள் தமிழ்ச் சபையில் அசனம். ஊரே கூடி உண்ணும் அந்த விருந்தில் நூற்றைம்பது பேருக்கு இந்தப் பாகில்தான் பாயசம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கொட்டியதை நான் ஜன்னலில் நின்று கடைசி வாளி வரை பார்த்தேன்.

9. இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 19-ஆம் தேதி கிருபைராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அங்கிள், நீங்க கவர்மென்ட்ல இருந்தவங்க. இவங்களுக்கு எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியல. ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். கூட வந்த ஜெயலீலா, "யாரு கம்ப்ளெயின்ட் குடுத்தாவளோ, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அங்கிள், நாங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்போமே" என்றார். எழுதித் தருகிறேன் என்று தலையாட்டினேன். அந்த மனு இதுதான்.

10. ஆகவே, என் புகாரை ரத்து செய்து, இந்த வாரமே ஒருவரை அனுப்பி வாளியையும் பாகையும் சோதித்து, சீலை அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பொய்ப் புகாருக்கு அபராதமோ தண்டனையோ உண்டென்றால் அது என் பெயருக்கே வரட்டும். விசாரணைக்கு எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, நடந்தாவது வந்துவிடுவேன்.

இடம்: மான்மவுத் ஜங்ஷன்
நாள்: 22-2-1999

இப்படிக்கு,
இம்முறை சொந்தப் பெயரில்,
கோ. பத்மநாபன்

இணைப்பு: ஆங்கில மொழிபெயர்ப்பு.

நகல்: திரு. கிருபைராஜ், திருமதி ஜெயலீலா, அடுத்த வீடு. இன்று மாலை நானே நேரில் கொடுத்து, அவர்கள் படித்து முடிக்கும் வரை அங்கேயே நிற்பேன்.