பால் பொங்காத பெட்டி

காரைக்குடி,
20-1-1974, ஞாயிறு.

அன்புள்ள பூமிநாதன் அண்ணனுக்கு,

தங்கை பொன்னழகு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மா சுகம் மாதிரி. உன் சுகத்தைப் பக்கத்துக் கடை சபியுல்லா பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பம்பாயில் அவர் தம்பி அறையில் படுத்துக்கொண்டு, துபாய் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பிப்ரவரி எப்போது பிறக்கும் என்று காத்திருக்கிறாயாமே. பாய் அறையில் பாய் விரித்துத் துபாய்! எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

இங்கே ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய் டின்கள் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கின்றன. இந்தச் சமயத்தில், வெயிலிலேயே சோறாக்கும் பெட்டியைச் செய்த ஆள் எண்ணெய் ஊறுகிற சீமைக்குத் தகரம் தட்டப் போகிறான் என்றால் சூரியனே சிரிக்காதா? “ஒரு பெட்டிகூட விக்கலை. தையோட பட்டறைச் சாவியைச் சொந்தக்காரர்கிட்டக் குடுத்துரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனாய். பட்டறைக்கும் பின்னால் இருக்கிற நம் வீட்டுக்கும் ஒரே சாவிதான் என்பதை நீ சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நான் வாயாடி, சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. பெட்டியைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணாடிக்கு அடியில் நிலக்கடலையை வேகவைத்துக் காட்டினோம். நல்ல கூட்டம். கடலை தீர்ந்தது, பெட்டி திரும்பி வந்தது. “வெயில்ல வெந்ததைத் தின்னா சூடு பிடிக்காதா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தரம் கை நீட்டியவரும் உண்டு.

அப்புறம்தான் அம்மாவுக்கு ஒன்று தோன்றியது. செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை வெள்ளிச் செம்பு முதல் விளக்குமாறு வரை வீடு முழுக்கப் பரப்பிவைப்பார்களே! ஊர்ப் பெண்கள் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போய், “அவுக வச்சிருக்காக, நாம வைக்கலையே” என்று அதையே தேடி வாங்குவார்கள். அந்தப் பரப்பில் நம் பெட்டி ஒன்று உட்கார்ந்துவிட்டால், சந்தையில் நாம் தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை.

நேமத்தான்பட்டி உமையாள் ஆச்சியின் மகளுக்குத் தைக் கடைசியில் கல்யாணம். அம்மா அவர்கள் வீட்டு முற்றத்தில் பெட்டியை வைத்துச் சோறும் பருப்பும் ஆக்கிக் காட்டினாள். ஆச்சி ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, “அடியாத்தி, அடிப்பிடிக்கவே இல்லையே! எம் மக சாமான்ல ஒண்ணு வச்சிருவோம்” என்றார். நான் குதிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்தது. “ஆனா புது அடுப்புல மொதல்ல பால் பொங்கணும் வீரலட்சுமி. வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால பொங்கவிட்டுக் காட்டு. பொங்காத அடுப்பைப் பொண்ணுக்குக் குடுக்க மாட்டேன்.”

அண்ணே, உன் பெட்டியில் பால் கொதிக்கக் கொதிக்கச் சுடும், ஆடை கட்டும். பொங்கி வழிந்து நான் பார்த்ததில்லை. அதுவும் காலை பத்தரைக்குள், தை மாதத்துச் சோம்பல் வெயிலில்!

நேற்று அம்மாவுக்குத் தெரியாமல் ஓர் ஆராய்ச்சி செய்தேன். சூடான பாலில் ஆப்பசோடாவைப் போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பொங்கியதைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு அம்மா பொங்கியது அதைவிடப் பெரிய பொங்கல். “கள்ளப் பொங்கலை ஒரு கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கவாடி?” என்று காதைத் திருகினாள். ஆனால் நல்ல வழி அவளுக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் உடனே தந்தி அடி. இல்லையென்றால் என் வழி.

நீ எதிலும் கையெழுத்துப் போடக் கூடாதென்று கையெழுத்துப் போடும்,
பொன்னழகு.


காரைக்குடி,
25-1-1974, வெள்ளி.

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தி வரவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். இன்று காலை பெட்டியைச் சுமாடு கட்டித் தலையில் தூக்கிக்கொண்டாள். நான் தாவணி முனையில் சோடாவையும் எலுமிச்சம்பழத்தையும் முடிந்துகொண்டேன்.

விடிந்ததிலிருந்தே நேமத்தான்பட்டியில் பனி மூட்டம். வெயில் எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக என்னை மாதிரியே விளையாடியது. பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, மூடிக் கண்ணாடியைச் சாய்த்து, எவ்வளவோ பாடுபட்டோம். சுற்றிலும் உறவுப் பெண்கள். எல்லார் கண்ணும் பால் சட்டியின் மேல். உள்ளே கூடத்தில் கடிகாரம் டக் டக்கென்று அடிப்பது முற்றம் வரை கேட்டது. பால் மட்டும் படம் மாதிரி அசையாமல் கிடந்தது.

“என்னடி, இன்னும் மேல வரக் காணோம்?” என்றார் ஆச்சி.

“வந்துரும் ஆச்சி” என்றாள் அம்மா. அம்மா வாயில் அப்படி ஒரு பொய்யை நான் கேட்டதில்லை.

கடிகாரம் பத்தரையை நெருங்கியது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நான் பெட்டியருகே குனிந்தேன். ஒரு கை கண்ணாடியைத் தூக்க, இன்னொரு கை முடிச்சை அவிழ்த்தது. நிமிர்ந்தால் அம்மா என்னையே பார்க்கிறாள். அதட்டவில்லை. ஆச்சி பக்கம் திரும்பினாள்.

“ஆச்சி, இது பொங்காது.”

“பொங்காதுன்னு தெரிஞ்சுதான் நல்ல காரியத்துக்குக் கொண்டாந்தியா?” என்று ஆச்சி எழுந்துவிட்டார்.

“ஒருவேளை பொங்கிருமோன்னு ஒரு நப்பாசை ஆச்சி. தப்புத்தான். பொங்குறதுக்கு வெறகடுப்புக் குடுப்பீகல்ல, அதுல பொங்கட்டும். இது பொங்காது, கருகாது, பொகையாது. அடுப்பூதி ஊதி ஆத்தாளுக்கு நெஞ்சு இப்பிடிப் போயிருச்சேன்னு எம் மகன் செஞ்சது ஆச்சி…” என்றவள் மேலே பேச முடியாமல் இருமினாள். அந்த இருமல் உனக்குத் தெரியும், ஆளையே வளைத்துவிடும். இருமல் நிற்கும்வரை ஆச்சி அப்படியே நின்றார்.

கடிகாரம் பத்தரை அடித்தது. “ராகு காலம் பொறந்திருச்சு. இப்ப நான் ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன். அங்குட்டு உக்காருங்க” என்று உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்தோம் அண்ணே, பன்னிரண்டு அடிக்கிறவரை! தூக்குத் தண்டனை வழக்கை விசாரிக்கிற நீதிபதிகூட இப்படி இடைவேளை விடமாட்டார். அம்மா கூரை ஓடுகளையே எண்ணிக்கொண்டிருந்தாள். நான் முடிச்சிலிருந்த சோடாவைச் செடியடியில் கொட்டினேன். பழத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஆச்சி வந்தார். பெட்டியைத் திறந்து, ஆடை தடித்திருந்த அந்தப் பாலை டம்ளரில் ஊற்றிச் சீனி போட்டு அம்மா கையில் கொடுத்தார். “நீயே குடி. நெஞ்சுக்கு எதமா இருக்கும்.” அம்மா குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்: “அடுப்பு வரிசையில வைக்க மாட்டேன். பெட்டி வரிசையில வைக்கிறேன். ஆனா மாப்பிள்ளை வீட்டு ஆச்சிமார் தொறந்து பாத்து, இது என்ன ஏதுன்னு கேப்பாக. நீ இருமிக்கிட்டுச் சொன்னா வெளங்காது. இந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்தா எவளும் நம்ப மாட்டா. செஞ்சவன் வந்து நின்னு சொல்லட்டும். அவன் இல்லேன்னா பெட்டியும் வேணாம்.”

வீட்டுக்கு வந்ததும் பட்டறையைக் கூட்டித் தகரத் துண்டுகளை ஒதுக்கினாள். உனக்கு எழுதட்டுமா என்றேன். “போறவனைத் தடுத்து எழுதாதே. அங்குட்டுப் போயாவது அவன் நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் நான் உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. ஆச்சி சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே சாமான் பரப்பிவிடுவார்களாம்.

இன்னும் ஒரு சேதி. நீ போன நாளிலிருந்து அம்மா உன் பங்கு அரிசியையும் சேர்த்துத்தான் போடுகிறாள். கேட்டால் அளவு மறந்துபோச்சு என்கிறாள். மிஞ்சுவதை எல்லாம் என் தட்டில்தான் தள்ளுகிறாள். தாவணி இடுப்பைச் சுற்றி வரமாட்டேன் என்கிறது. தங்கை மேல் கொஞ்சமாவது இரக்கம் இருந்தால் ரயிலேறு அண்ணே.

இப்படிக்கு,
உன் சோற்றையும் சேர்த்துத் தின்னும் தங்கை
பொன்னழகு.