எஜமானி கெசையா

1834 மார்ச் 3, திங்கள்

இரண்டு ஜோடி பூட்ஸுக்கு அடி வைத்துத் தைத்தேன். மதியம் ஹோபார்ட் வண்டிக்காரன் சொன்னான், கப்பல் வந்துவிட்டதாம். கெசையா அதில் இருக்கிறாளாம்.

ஒரு ஆட்டைத் திருடியதற்கு ஆயுள் முழுக்க இந்தக் கைதித் தீவு. ஒன்பது வருஷம் போய்விட்டது. மனைவியை அனுப்பி வையுங்கள் என்று மூன்று மனு எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து. சிறைக்கப்பலில் நானாகக் கற்ற எழுத்து.

மார்ச் 8

வந்தாள். கிழவியாகிவிட்டாள். எனக்கு மட்டும் என்ன, ஐம்பத்தெட்டு. நான் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் ஊர் கார்ன்வாலில் இந்தத் திமிர் இருந்ததில்லை.

மார்ச் 17

இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சுதந்திரமாக வந்தவர்கள் ஒரு கைதியை வேலைக்குக் கேட்டு வாங்கலாம். ஆகவே மனைவி தன் புருஷனையே கேட்பாள். காகிதத்தில் அவள் எஜமானி, வீட்டில் அவன் புருஷன். அந்த விண்ணப்பத்தை நானே எழுதினேன். அவளுக்கு எழுதத் தெரியாது, கீழே ஒரு சிலுவைக் குறி போட்டாள். இன்று உத்தரவு வந்தது. ஓடைக்கரையில் சலவைக் கொட்டகை எடுத்திருக்கிறாள்.

பக்கத்துப் பண்ணைக் கைதி டன்ஸ்டன் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "அண்ணே, உங்க எஜமானி கூப்பிடுறாங்க. கால் பிடிச்சு விடணுமாம்" என்றான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 2

சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே 'ஏங்க' என்பாள். இங்கே நீ, வா, போ. தண்ணீர் கொண்டு வா என்றாள். வாளியை அவள் காலடியில் எறிந்தேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். கோபம் தணிந்ததும் வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ்காரனோடு வந்தாள்.

ஏப்ரல் 9

இருபத்தைந்து சாட்டையடி. எஜமானியை எதிர்த்துப் பேசியதற்கு.

நான் இவள் புருஷன் ஐயா என்றேன். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தார். "இதுல அப்படி இல்லையே" என்றார். நான் எழுதிய அதே காகிதம்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டார். இடது காது கேட்காது என்றாள். பத்து வருஷமாகக் கேட்காதாம். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

ஏப்ரல் 10

குப்புறப் படுத்து எழுதுகிறேன். கட்டின பெண்டாட்டி. என் பெண்டாட்டி.

ஏப்ரல் 13

முகத்தைத் திருப்பியது திமிரில்லை. கேட்கும் காதை என் பக்கம் காட்டியிருக்கிறாள்.

அந்தக் காதுக்கு நான் காரணமா? நினைவில்லை.

நினைவில்லை என்று எழுதிவிட்டு வெகுநேரம் இருந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இரும்புச் சட்டி. நினைவிருக்கிறது. ஆனால் எந்த வீட்டில் இல்லை? என் அப்பா அடிக்காததா?

ஏப்ரல் 20

முதுகுக்குப் பன்றிக் கொழுப்பு தடவினாள். அந்தக் கை மட்டும் மாறவில்லை. என்னை அடிபட வைக்கவா அவ்வளவு கடலைத் தாண்டி வந்தாய் என்று கேட்டேன்.

"அங்க பட்டினி, அதான் வந்தேன்" என்றாள். தடவுவதை நிறுத்தவில்லை. "பதினோரு வருஷம் அடிச்ச. பாதிரியார்கிட்டப் போனேன், உன் அண்ணன்கிட்டப் போனேன். வீட்டுக்குப் போம்மான்னாங்க. இங்க கோர்ட்டுல ஒருத்தன் உக்காந்து நான் சொல்றத எழுதிக்கிறான். போகாம இருப்பேனா?"

நியாயம் அவள் பக்கம் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 6

பனி. இந்தத் தீவில் ஜூலைதான் குளிர்காலம். விறைத்த துணிகளைக் கொடியிலிருந்து பிரித்தேன். சண்டை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

நவம்பர் 14

அரசாங்கக் கடிதம். ஒன்பது வருஷம் முடித்ததால் எனக்கு அனுமதிச் சீட்டு தரலாமாம். சீட்டு வந்தால் யாருக்கும் வேலைக்காரன் இல்லை, சொந்தமாகப் பட்டறை போடலாம். எஜமானியின் சம்மதம் மட்டும் வேண்டும்.

படித்துக் காட்டச் சொன்னாள். கடைசியில் ஒரு வரி: சீட்டு கிடைத்த நாள் முதல் கைதி தன் குடும்பத்துக்குத் தலைவன், மனைவி அவன் சொற்படி நடக்க வேண்டியவள். அதை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

படித்தேன். வாய் தன்பாட்டில் படித்துவிட்டது.

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

நவம்பர் 15

பதிலை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"நல்லா வேலை செய்றான். குடிக்கிறதில்ல. ஏப்ரலுக்கு அப்புறம் கை ஓங்கல."

நிறுத்தினாள். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இப்ப விட முடியாது. அடுத்த வருஷம் கேளுங்க."

அந்தக் கடைசி இரண்டு வரிக்குப் பதிலாக 'சம்மதம்' என்று ஒரே வார்த்தை நான் எழுதியிருந்தால் போதும். என் வயதுக்கு ஒரு வருஷம் சின்ன விஷயமில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன். ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

"நான் சொன்னதுதானே எழுதின?"

"ஆமா."

இந்த ஊர்ப் பாதிரியார் வீடு நாலு எட்டில் இருக்கிறது. அவள் எடுத்துப் போய் அவரைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனாவை வாங்கி, கீழே தன் குறியைப் போட்டாள்.